மதுவை நிறுத்துவது ஏன் இவ்வளவு கடினம்?
நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

குடிநோய்க்குச் சிகிச்சை நாடி வருவோரின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "மனம் வைத்தால் நிறுத்த முடியாதா, டாக்டர்?" அருகில் அமர்ந்திருக்கும் நோயாளியோ, "நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவேன்" என்கிறார். ஒருவருக்கொருவர் எதிராகப் பேசுவதுபோல் தோன்றினாலும், இருவரும் நம்புவது ஒன்றைத்தான்: குடி என்பது முழுக்க முழுக்க மனத்தின் விருப்பம் என்பதை. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவரின் விஷயத்தில் இது பாதி உண்மையே. அவருடைய மூளை, மது வரும் என்பதை எதிர்பார்த்தே இயங்குமாறு தன்னை மாற்றி அமைத்துக்கொண்டுவிட்டது. இந்த மாற்றத்தை அறியாமல், நல்லெண்ணத்துடன் எடுக்கப்படும் சில முடிவுகள் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கின்றன. ஆகவே அதை முதலில் விளக்குகிறோம்.

"கொஞ்சம்தான்" என்பது எவ்வளவு?

குடிக்கும் அளவைக் கேட்டால் "கொஞ்சம்தான்" என்பதே வழக்கமான விடை. கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றின் வலிமை பொதுவாக 42.8 விழுக்காடு. இதன்படி 30 மி.லி. மதுவில் ஏறத்தாழ 10 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது; ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மி.லி.யில், ஏறத்தாழ 60 கிராம். "பீர் மட்டும்தான் சாப்பிடுகிறேன்" என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. 8 விழுக்காடு வலிமையுள்ள 650 மி.லி. பீர்ப் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இரண்டு புட்டிகள் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிடும்.

கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலை மட்டுமே அகற்றவல்லது. மோரும் எலுமிச்சைச் சாறும் குளிர்ந்த நீர்க் குளியலும் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. இரவு பத்து மணிக்கு இரண்டு குவார்ட்டரை முடித்தவரின் இரத்தத்தில் மறுநாள் முற்பகல் வரையிலேனும் மது இருந்துகொண்டே இருக்கும். காலையில் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, வண்டியை எடுப்பவர் தெளிந்துவிட்டதாக எண்ணினாலும், உடல் இன்னும் தெளிந்திருக்கவில்லை.

அளவு மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை. குடிக்க வேண்டும் என்ற அடக்க முடியாத வேட்கை, தொடங்கினால் நிறுத்த இயலாமை, முன்பு கட்டிங்கில் கிடைத்த போதைக்கு இப்போது முழுக் குவார்ட்டர் தேவைப்படுதல், நிறுத்தினால் உடல் நடுங்குதல், குடும்பமும் தொழிலும் பின்னுக்குத் தள்ளப்படுதல், கல்லீரல் கெட்டுவிட்டது என்று மருத்துவர் கூறிய பிறகும் தொடர்தல் ஆகியவையே நாங்கள் தேடும் அடையாளங்கள். எல்லாம் ஒருங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. காலையில் கைந்நடுக்கத்தை அடக்குவதற்காகவே ஒருவர் குடிக்கிறார் என்றால், உடல் மதுவைச் சார்ந்துவிட்டது என்று ஏறத்தாழ உறுதியாகவே கொள்ளலாம். அப்போது அவர் இன்பத்திற்காகக் குடிக்கவில்லை. சாதாரணமாக இருப்பதற்காகக் குடிக்கிறார்.

குடிப்போர் எல்லோரும் இந்நிலையை அடைவதில்லை. இரட்டையரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள், இந்நோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறத்தாழப் பாதிப் பங்கு பரம்பரையைச் சார்ந்தது என்று காட்டுகின்றன. தந்தைக்கும் பாட்டனுக்கும் இந்நோய் இருந்த வீட்டுப் பிள்ளைகள் அதை ஒரு விதியாகக் கருத வேண்டியதில்லை. எனினும், முதற்கோப்பையைத் தொடுவதில் மற்றவர்களைவிட அவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பது நியாயமே.

திடீரென நிறுத்தினால் நிகழ்வது

மூளையில் கிளர்ச்சியைத் தணிக்கும் வேதிப்பொருள்களும் கிளர்ச்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களும் தராசின் இரு தட்டுகளைப்போல் சமநிலையில் இருக்கின்றன. மது, தணிக்கும் தட்டில் நாள்தோறும் ஓர் எடைக்கல்லை வைக்கிறது. சமநிலை குலையாதிருக்க, மூளை எதிர்த்தட்டில் தானும் எடையைக் கூட்டிக்கொண்டே போகிறது. குடிப்பவர் நிலைதடுமாறாமல் நிறையக் குடிக்க முடிவதற்குக் காரணம் இதுவே. "அவர் எவ்வளவு குடித்தாலும் ஸ்டெடியாக இருப்பார்" என்று நண்பர்கள் புகழ்வது உண்மையில் ஒரு நோயின் அறிகுறியைத்தான்.

இப்போது மதுவாகிய எடைக்கல்லை ஒரே நாளில் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? எதிர்த்தட்டு தடாலென்று கீழே இறங்கும். கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்திற்குள் கைந்நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், உறக்கமின்மை ஆகியன தொடங்குகின்றன. சிலருக்கு 48 மணி நேரத்திற்குள் வலிப்பு வருகிறது. இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாள் வரையிலான காலத்தில், ஒரு சிலருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்னும் மிகக் கடுமையான நிலை ஏற்படுகிறது. இடமும் நேரமும் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சிகள் ஊர்வதாகவும் யாரோ தாக்க வருவதாகவும் காணுதல், கடும் நடுக்கம், காய்ச்சல், இதயத் துடிப்பு மிகுதல் ஆகியவை அதன் குறிகள். சிகிச்சை இல்லையேல் இது உயிரைப் பறிக்கக்கூடியது.

இந்நிலையை நாங்கள் அடிக்கடி காண்பது குடிநோய்ப் பிரிவில் அன்று. எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளில்தான். இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவர் சேர்க்கப்படுகிறார். முதல் நாள் அமைதியாக இருக்கிறார். மூன்றாம் நாள் இரவில் சலைன் குழாயைப் பிடுங்கி எறிந்து, கட்டுப் போட்ட காலோடு எழுந்து நடக்க முயல்கிறார். இல்லாத பஸ்ஸுக்கு விசில் ஊதுகிறார். மனைவி பதறி, "தலையிலும் அடிபட்டிருக்குமோ?" என்கிறார். குடிப்பழக்கம் உண்டா என்று சேர்க்கையின்போது கேட்டதற்கு, உறவினர்முன் சொல்லக் கூச்சப்பட்டு "இல்லை" என்று விடையளித்திருப்பார்கள். அந்த ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருந்தால் முதல் நாளே மாத்திரை தொடங்கி இதைப் பெரும்பாலும் தடுத்திருக்கலாம். எந்த நோய்க்காகச் சேர்ந்தாலும், நோயாளி நாள்தோறும் குடிப்பவரானால் அதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ தனியே அழைத்தாவது கூறிவிடுங்கள். விபத்து வழக்குக்கோ காப்பீட்டுக்கோ பாதிப்பு வருமோ என்ற அச்சம் பலருக்கு உண்டென்பதை அறிவோம். அதையும் மருத்துவரிடமே கேளுங்கள். ஆனால் உண்மையை மறைக்க வேண்டாம்.

கார்த்திகை முதல் நாள் மாலை அணிவோர், கோயிலில் சாமிக்குக் கயிறு கட்டிக்கொள்வோர், ரமலான் நோன்புக்காகவும் தவக்காலத்திற்காகவும் குடியை நிறுத்துவோர் ஆகியோரை நாங்கள் மதிக்கிறோம். விரதம் பலருக்கு உண்மையான தொடக்கமாக அமைந்திருக்கிறது. ஊரே அறிய எடுத்துக்கொண்ட நோன்பு, நண்பர்களின் வற்புறுத்தலிலிருந்து காக்கும் ஒரு கவசம். எங்கள் மாத்திரைகளுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆனால் காலையிலேயே குடித்தாக வேண்டிய நிலையில் இருப்பவர், மாலை அணிவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், வீட்டில் இருந்தபடி நிறுத்த முயலவே கூடாது. மற்றொன்றும் உண்டு: பலமுறை திடீரென நிறுத்தி மீண்டும் தொடங்குவோருக்கு, விலகல் நிலை ஒவ்வொரு முறையும் முன்னிலும் கடுமையாகக்கூடும். "போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே" என்பது இந்த வருடத்திற்கு உத்தரவாதம் அன்று.

இதற்கு அண்மைக்காலச் சான்று நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது மதுக்கடைகள் திடீரென அடைக்கப்பட்டன. யாரும் மனம் வைத்து நிறுத்தவில்லை, நிறுத்தப்பட்டார்கள். அந்நாட்களில் கடுமையான விலகல் நிலையோடு வந்தோர் வழக்கத்தைவிட அதிகரித்ததைப் பெங்களூரு மருத்துவர்கள் மருத்துவ இதழில் பதிவு செய்தனர். தமிழகத்தில் சிலர் ஷேவிங் லோஷனையும் வார்னிஷையும் குடித்து உயிரிழந்தனர். அவற்றை யாரும் சுவைக்காகக் குடிப்பதில்லை.

குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்

நடுங்கிச் சோர்ந்து கிடப்பவரை அருகிலுள்ள சிறு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று "ஒரு குளுக்கோஸ் பாட்டில் போடுங்கள்" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். நாட்பட்டுக் குடிப்பவர்கள் சரியாக உண்பதில்லை. உண்டாலும் தயமின் என்னும் வைட்டமின் பி1 உடலில் சேர்வதில்லை. குளுக்கோஸை எரிக்க மூளைக்கு இந்தத் தயமின் இன்றியமையாதது. எஞ்சியிருக்கும் சிறிதளவு தயமினும் ஏற்றப்படும் குளுக்கோஸால் தீர்ந்துபோனால், வெர்னிக் நோய் என்னும் மூளைப் பாதிப்பு வெளிப்படக்கூடும். குழப்பம், தள்ளாடும் நடை, இரட்டைப் பார்வை அல்லது கண்கள் நிலைகொள்ளாமை ஆகியவை அதன் அடையாளங்கள். "இன்னும் போதை தெளியவில்லை" என்று இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. இங்கேதான் தவறு நேர்கிறது. உடனே தயமின் ஊசி செலுத்தினால் பெரும்பாலும் மீட்கலாம். தாமதித்தால், புதிய எதையும் நினைவில் நிறுத்த முடியாத கோர்சகாஃப் நிலை நிரந்தரமாகிவிடக்கூடும். எனவே எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், "இவர் நாள்தோறும் குடிப்பவர்; தயமின் கொடுத்துவிட்டீர்களா?" என்று ஒருமுறை கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் அக்கேள்விக்காகச் சினம் கொள்ளமாட்டார்.

முதல் பத்து நாட்களும் அதற்குப் பின்னும்

மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தும்போது, குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம் போன்ற மாத்திரைகள் தராசில் மதுவின் இடத்தைத் தற்காலிகமாக நிரப்புகின்றன. கல்லீரல் மிகவும் கெட்டிருந்தால் லொராசிபாம் தரப்படுகிறது. நாளுக்கு நாள் அளவு குறைக்கப்பட்டு, 5 முதல் 10 நாட்களில் மாத்திரை நிறுத்தப்படும். இம்மாத்திரைகளோடு மது அருந்தினால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. வீட்டில் தரும்போது மாத்திரைப் பட்டையைக் குடும்பத்தினர் ஒருவர் தம் கையில் வைத்துக்கொண்டு, வேளைக்கு வேளை எடுத்துக் கொடுக்க வேண்டும். மீதமுள்ளவற்றை உறக்கத்திற்காக வைத்துக்கொள்வது இன்னொரு சார்புக்கு வழிவகுக்கும்.

பத்தாம் நாள் நோயாளி தெளிந்த முகத்தோடு வீடு திரும்புகிறார். குடும்பம் கோயிலுக்குச் சென்று வருகிறது. உண்மையில் கடினமான பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. உடல் மதுவைக் கேட்பதை நிறுத்திவிட்டாலும், நினைவு கேட்டுக்கொண்டே இருக்கும். உறக்கம் சீராக மாதக்கணக்கில் ஆகலாம். எரிச்சலும் சோர்வும் வந்துபோகும். "குடித்துக்கொண்டிருந்தபோதே இவர் இதைவிட நன்றாகப் பேசினார்" என்று மனைவியர் சிலர் வேதனையோடு கூறுவதுண்டு. இது குணக்கேடு அன்று. மூளை தன் பழைய சமநிலைக்குத் திரும்பும் காலம். மனச்சோர்வு பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தானே குறையும். அதற்கு மேலும் நீடித்தால் தனியே சிகிச்சை தேவை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

வேட்கை அலை போன்றது. சம்பள நாள், மாலை ஆறு மணி, கடைத்தெருவின் வாடை, பழைய நண்பரின் அழைப்பு, சாவு வீடு, கல்யாண வீடு ஆகியவை அதை எழுப்பும். பசியும் கோபமும் தனிமையும் களைப்பும் அதற்குத் துணைபோகும். எழுந்த அலை பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தணிந்துவிடும் என்பதை நோயாளி அறிந்திருப்பது பெரும் உதவி. வாழ்நாள் முழுதும் குடிக்காதிருப்பது பற்றி அவர் அப்போது சிந்திக்க வேண்டியதில்லை. அந்த அரை மணியைக் கடந்தால் போதும். வயிறு நிறைய உண்பது, இடத்தை விட்டு நகர்வது, ஒருவரோடு பேசுவது ஆகிய எளிய வழிகளே பெரும்பாலும் பலன் தருகின்றன. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டுறவும், இன்று ஒரு நாள் குடிக்காதிருப்போம் என்ற இந்தச் சிறிய கணக்கையே கைக்கொண்டது. தமிழகத்தின் பல ஊர்களில் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, பெயரும் வெளியிடப்படுவதில்லை.

வேட்கையைக் குறைக்க மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்சோன், குடியால் கிடைக்கும் இன்ப உணர்வை மழுங்கச் செய்கிறது. ட்ரமடால் போன்ற வலி மருந்துகளை உட்கொள்வோர் அதைச் சேர்த்து எடுக்கக் கூடாது. அகாம்ப்ரோசேட் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால் சிறுநீரக நோயாளிகளுக்கு எச்சரிக்கையோடு தரப்படும். கல்லீரல் சுருங்கியவர்களுக்குச் சில சமயம் பாக்ளோஃபென் பயன்படுகிறது. எதை, எவ்வளவு காலம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

தெரியாமல் கலந்து கொடுப்பது

டைசல்ஃபிராம் என்னும் மாத்திரையைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது. 1940களில் டென்மார்க்கில் குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று ஆராய்ந்தபோது, அதை உட்கொண்டபின் மது அருந்தியவர்கள் தாங்க முடியாத அவதிக்கு உள்ளானதிலிருந்து இதன் பயன் தெரியவந்தது. உடலில் மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளை மேலும் சிதையவிடாமல் இது தடுக்கிறது. முகம் சிவந்து, தலை இடித்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிகிறது. இந்த அச்சமே நோயாளிக்கு வேலி. தாமே விரும்பி, விளைவுகளை அறிந்து, துணைவர் முன்னிலையில் நாள்தோறும் உட்கொள்வோருக்கு இது நல்ல மருந்து.

அறியாதவருக்குக் குழம்பிலோ காப்பியிலோ கலந்து கொடுத்தால் அதுவே நஞ்சுக்கு ஒப்பாகும். அவருக்கு வேலி இருப்பதே தெரியாது, வழக்கம்போல் குடிப்பார். இதயநோய் உள்ளவரானால் அன்றிரவே உயிர் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின்னும் இரண்டு வாரங்கள் வரை இந்த ஆபத்து தொடரக்கூடும். "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யலாம்" என்று சுவர்களிலும் பேருந்து நிலையங்களிலும் ஒட்டப்படும் விளம்பரங்களின் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறியவும் வழியில்லை. அவற்றை நாடும் தாய்மாரின் துயரம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் இவ்விஷயத்தில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை: கொடுக்காதீர்கள்.

குடும்பத்தினருக்கு

கட்டிப்போட்டோ அறையில் பூட்டியோ நிறுத்த முயல்வது, மேலே கூறிய விலகல் ஆபத்தை வீட்டுக்குள்ளேயே வரவழைப்பதாகும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது சார்ந்த மனநல நோய்களையும் உள்ளடக்கியது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அது தடை செய்கிறது.

அவர் போதையில் இருக்கும்போது விவாதிக்க வேண்டாம். மறுநாள் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். "நீ திருந்தமாட்டாய்" என்பதைவிட, "நேற்று இரவு நீங்கள் கீழே விழுந்ததைப் பிள்ளை பார்த்துவிட்டு அழுதான்" என்று நடந்ததைச் சொல்வது கூடுதலாகப் பதியும். அலுவலகத்திற்கு "காய்ச்சல்" என்று பொய் சொல்வதும், சாராயக் கடனை நகை விற்று அடைப்பதும், குடியின் விளைவுகளை அவர் உணராதபடி மறைத்துவிடுகின்றன. இதைச் சொல்லும்போது, குடும்ப மானத்தைக் காக்க அவ்வாறு செய்த பெண்களைக் குற்றம் சாட்டுவதாக எண்ண வேண்டாம். வேறு வழி எதுவும் அவர்களுக்குக் காட்டப்பட்டிருக்கவில்லை. அடியும் வதையும் இருக்குமானால், முதலில் உங்களையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்ளுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. நோய் என்பது வன்முறைக்கு விலக்கு அன்று.

மூன்று மாதம் குடிக்காமலிருந்தவர் ஒருநாள் குடித்துவிட்டு வந்தால், "எல்லாம் வீண்" என்று வீடு இடிந்துபோகிறது. நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை கூடினால் நாம் சிகிச்சையை மாற்றுகிறோம், வீணென்று கைவிடுவதில்லை. சறுக்கிய மறுநாளே மருத்துவமனைக்கு வருவதும், ஒரு மாதம் கழித்து வருவதும் ஒன்றல்ல. இடையில் குடிக்காதிருந்த உடலுக்குப் பழைய தாங்குதிறன் இராது என்பதால், பழைய அளவையே குடிப்பது முன்னிலும் ஆபத்தானது. அந்த மூன்று மாதங்களில் கல்லீரலுக்குக் கிடைத்த ஓய்வும் பொய்யாகிவிடுவதில்லை. கொழுப்புப் படிந்த கல்லீரல் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். சுருங்கிவிட்ட கல்லீரல் உள்ளவர்க்குங்கூட, நிறுத்துவது ஆயுளைக் கூட்டுகிறது.

முதல்முறை வரும்போது

கடைசியாகக் குடித்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா, இரத்த வாந்தியோ கறுத்த மலமோ உண்டா, வேறு என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறார் என்பவற்றையும் எழுதுங்கள். மாத்திரைப் பட்டைகளையே எடுத்து வருவது இன்னும் நல்லது. நேரில் வரத் தயங்குவோர், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446இலும், மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416இலும் கட்டணமின்றிப் பேசலாம். குடிக்கும் பெண்களும் உண்டு. அவர்கள் மிகவும் தாமதமாகவே வருகிறார்கள். அவர்கள் விரும்பினால் பெண் மருத்துவரிடம் தனியே பேச வேண்டும் என்று கேட்கலாம்.

வருவதற்காக அன்று காலை குடிக்காமல் நடுங்கிக்கொண்டே வர வேண்டும் என்பதில்லை. குடித்த நிலையில் வந்தாலும் பார்ப்போம். வண்டியை மட்டும் வேறொருவர் ஓட்டி வரட்டும்.